விற்பதா, பொறுப்பதா: உகந்த நிறுத்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் நல்ல விலைக்காகக் காத்திருக்க முடியாது. அறுத்த குலை கிடக்கக் கிடக்கக் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். பால்மரம் வைத்திருப்பவரோ ஒட்டுப்பாலைக் கொஞ்ச நாள் போட்டு வைக்கலாம். ‘இன்று விற்பதா, பொறுப்பதா’ என்ற கேள்வி அவருக்குத்தான். நிதிக் கணிதம் இதை உகந்த நிறுத்தம் என்கிறது. பழகுவதற்கு ஏற்ற கணக்கு அமெரிக்கப் புட் ஆப்ஷன்: ஒரு பங்கைக் குறித்த விலைக்கு, கெடுவுக்குள் எப்போது வேண்டுமானாலும் விற்கும் உரிமை.

படி 1: எண்கள். ஒரு கற்பனைத் தோட்டக் கம்பெனிப் பங்கு, இன்று 4 வெள்ளி (ரிங்கிட்), டிவிடெண்ட் இல்லை. உரிமை விலையும் (விற்கக் குறித்த விலை) 4 வெள்ளி. கெடு ஒன்றரை ஆண்டு, அதாவது மூன்று அரையாண்டு. ஒவ்வொரு அரையாண்டும் விலை 1.25 மடங்காகும் அல்லது 0.8 மடங்காகும். வட்டி அரையாண்டுக்கு 2.5 சதவீதம். (நிஜப் பங்குக்கு ஏற்ற மடங்கை அதன் ஏற்ற இறக்க அளவிலிருந்து எடுக்க வேண்டும். 1.25 என்பது ஆண்டுக்குச் சுமார் 32 சதவீத ஏற்ற இறக்கம்.)

படி 2: மரம். எக்செலில் நான்கு பத்தி போடுங்கள்.
இன்று: 4
முதல் கட்டம்: 5, 3.20
இரண்டாம் கட்டம்: 6.25, 4, 2.56
கெடு: 7.81, 5, 3.20, 2.048

படி 3: நிகழ்தகவு. (1.025 − 0.8) ÷ (1.25 − 0.8) = 0.5. இது ‘விலை ஏறும் என்று நினைக்கிறேன்’ என்ற கணிப்பு அல்ல. பங்கையும் வங்கிப் பணத்தையும் கலந்து ஆப்ஷனை நகலெடுக்கும் செலவிலிருந்து வருவது. சொந்தக் கணிப்பை இங்கே நுழைத்தால் விலை தப்பும். விடை 0-க்குக் கீழோ 1-க்கு மேலோ வந்தால் மடங்குகளோ வட்டியோ தவறு.

படி 4: கடைசியிலிருந்து பின்னோக்கி. கெடுவில் உரிமையின் மதிப்பு (4 வெள்ளியில் பங்கு விலையைக் கழித்தது; பங்கு விலை 4-ஐத் தாண்டினால் 0) 0, 0, 80 சென், 195.2 சென். அதற்கு முந்தைய ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்ணை ஒப்பிடுங்கள்: இப்போதே விற்றால் கிடைப்பது; அடுத்த இரண்டு மதிப்பின் சராசரியை 1.025-ஆல் வகுத்தால் வருவது. பெரியதை எழுதுங்கள்.

2.56-இல் விற்றால் 144 சென், பொறுத்தால் 134.2. எனவே நிறுத்த வேண்டும். காரணம் எளிது: இங்கிருந்து விலை ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த முறை 4 வெள்ளிக்கு விற்கத்தான் போகிறோம். பொறுத்தால் அந்த 4 வெள்ளி அரையாண்டு தாமதமாகும். அதன் வட்டி 10 சென், இன்றைய மதிப்பில் 9.8. வித்தியாசம் அதுவேதான்.

நடு இடமான 4-இல் பொறுப்பதன் மதிப்பு 39 சென். முதல் கட்டத்தின் 3.20-க்கு வந்தால் கதை மாறுகிறது. விற்றால் 80, பொறுத்தால் 89.3. விலை 4-க்கு ஏறினாலும் உரிமை கையில் இருக்கும், மறுபடி சரிந்தால் உதவும். அந்தப் பாதுகாப்பு இழக்கும் வட்டியைவிடப் பெரிது, பொறுங்கள். மேலே 5-இல் 19 சென். உரிமையின் இன்றைய மதிப்பு 52.8 சென்.

கெடு நாளில் மட்டுமே விற்கலாம் என்றால் இதே மரம் 50.5 சென் தரும். முன்கூட்டியே நிறுத்தும் சுதந்திரத்தின் விலை 2.3 சென்.

படி 4-இல் நிரப்பிய மதிப்புகளின் வரிசைக்கு ஸ்நெல் உறை என்று பெயர். மதிப்பும் உடனே விற்றால் கிடைப்பதும் முதன்முதலில் சமமாகும் இடமே நிறுத்த நேரம். அதை அன்றுவரை நடந்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய முடிய வேண்டும். ‘உச்சத்தில் விற்பேன்’ என்பது நிறுத்த நேரமே ஆகாது. உச்சம் எது என்பது பிறகுதான் தெரியும்.

புதியவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். ஒவ்வொரு விலைப் பாதையிலும் ஆகச் சிறந்த நாளைத் தேர்ந்தெடுத்துச் சராசரி எடுப்பார்கள். இந்த மரத்தின் எட்டுப் பாதைகளில் அப்படிச் செய்தால் 68.6 சென் வரும். கூடுதலான 15.8 சென்னும் எதிர்காலத்தை எட்டிப் பார்த்ததால் வந்த பொய். கணினியில் ஆயிரக்கணக்கான பாதைகளை ஓட்டும்போது இந்தத் தவறு கண்ணில் படாது. அங்கே 2001-இல் வந்த லாங்ஸ்டாஃப்–ஷ்வார்ட்ஸ் முறைப்படி, பொறுப்பதன் மதிப்பை ரிக்ரெஷனால் (புள்ளிகளுக்குக் கோடு பொருத்தும் முறையால்) மதிப்பிட்டு அதை முடிவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக்கு உண்மையில் கிடைத்த பணத்தைப் போடுங்கள்.

வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனுக்கு, டிவிடெண்ட் இல்லாமல் வட்டி மட்டும் இருந்தால், முன்கூட்டி நிறுத்துவதில் லாபமில்லை. மெர்டன் 1973-இல் காட்டியது இது. எக்செலில் 4 வெள்ளிக் கழித்தலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: கெடுவுக்கு முந்தைய ஒரு கட்டத்திலும் ‘விற்றால்’ பக்கம் (இங்கே ‘உடனே வாங்கினால்’) ஜெயிக்கக் கூடாது. ஜெயித்தால் நிகழ்தகவிலோ மதிப்புகளிலோ எங்கோ தப்பு செய்திருக்கிறீர்கள்.