ஃப்ளோ சைட்டோமெட்ரி: செல்கள் கட்டி கட்டாமல் தயார் செய்வது எப்படி?

செல்களை லேசரால் அளக்கும் கருவியான ஃப்ளோ சைட்டோமீட்டரில் அவை வரிசையாக, ஒவ்வொன்றாக லேசரைக் கடக்க வேண்டும். இரண்டு ஒட்டிக்கொண்டு போனால் கருவிக்கு அது ஒரே செல். பெரிய கட்டி வந்தால் குழாயே அடைத்துக்கொள்ளும். கடைசியில் வடிகட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கவனம் வளர்ப்புத் தட்டிலிருந்தே வேண்டும்.

1. தட்டு 70–80 சதவீதம் நிரம்பியதும் செல்களை எடுத்துவிடுங்கள். நெருக்கியடித்து வளர்ந்தவை தாள் தாளாக உரிந்து வரும், அப்புறம் பிரிப்பது பெரும்பாடு. மிதக்கும் செத்த செல்களை மீடியத்தோடு அகற்றுங்கள். அபோப்டோசிஸ் (செல் தானாகவே சாவது) சோதனை என்றால் மட்டும் அவையும் வேண்டும்.

2. கால்சியம், மெக்னீசியம் இல்லாத பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவுங்கள். செல்களைப் பிணைக்கும் கேட்ஹெரின் புரதத்துக்குக் கால்சியம் வேண்டும். மிச்ச சீரம், செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சின் நொதியையும் மழுக்கிவிடும்.

3. டிரிப்சின் ஊற்றி 37 டிகிரியில் வையுங்கள். மைக்ரோஸ்கோப்பில் செல்கள் உருண்டு தெரிந்ததும் சீரம் கலந்த மீடியத்தால் நிறுத்துங்கள். கூடுதலாக விட்டால் செல்கள் சாகும். மேற்பரப்புப் புரதத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் டிரிப்சினுக்குப் பதில் அக்யுடேஸ் என்ற நொதிக்கலவை மென்மையானது.

4. சென்ட்ரிஃபியூஜில் 300 ஜி, 5 நிமிடம் சுழற்றுங்கள். மேல்நீரை எடுத்ததும், பஃபர் ஊற்றும் முன் குழாயின் அடியை விரலால் சுண்டி, அங்கே படிந்த செல்களான பெல்லட்டைக் குலையுங்கள். இந்தச் சின்ன வேலை நிறையக் கட்டிகளைத் தவிர்க்கும். பிறகு 2 மில்லிமோலார் ஈடிடிஏ (கால்சியம் போன்ற உலோக அயனிகளைப் பிடிப்பது), 1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) கலந்த பிபிஎஸ் ஊற்றி, 1 மில்லி பைப்பெட் டிப்பால் நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள்.

அப்போது டிப் நுனியிலிருந்து சளி போல ஓர் இழை தொங்குகிறதா? அது செத்த செல்கள் கக்கிய டிஎன்ஏ. நல்ல செல்களையும் அதுதான் பசை போல இழுத்துப் பிடிக்கிறது. வேகமாகக் கலக்கினால் இன்னும் செல்கள் உடையும், இழை இன்னும் கூடும். டிஎன்ஏஸ்-1 நொதிதான் வழி: மில்லிக்கு 100 மைக்ரோகிராம், கூடவே 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, அறை வெப்பத்தில் 15 நிமிடம். ஈடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இதை ஈடிடிஏ இல்லாத பஃபரில் செய்துவிட்டு, சுழற்றி, பழைய பஃபருக்குத் திரும்புங்கள்.

5. மில்லிக்கு சுமார் 10 லட்சம் செல்கள் போதும். ஐஸில் வையுங்கள். கருவியில் ஏற்றுவதற்குச் சற்று முன்பு 40 மைக்ரான் வலையில் வடிகட்டி, ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஜோடி ஜோடியாகத் தெரிந்தால் ஏற்ற வேண்டாம், மறுபடி கலக்கி வடிகட்டுங்கள். அதையும் மீறி நுழையும் ஒன்றிரண்டு ஜோடிகளை எஃப்எஸ்சி (முன்னோக்கிச் சிதறும் ஒளி) பரப்பு–உயரம் வரைபடத்தில் ஒதுக்கிவிடலாம்.