பிஎச்டி அப்ளிகேஷனுக்கு எந்த ரைட்டிங் சாம்பிள் அனுப்பக் கூடாது

அமெரிக்காவுல ஹிஸ்டரி, ஆந்த்ரோபாலஜி, இங்கிலீஷ் மாதிரி சப்ஜெக்ட்ல பிஎச்டிக்கு அப்ளை பண்றவங்க நவம்பர் ஆனா போதும், "அண்ணா, எம்ஏ தீசிஸையே அனுப்பிடலாமா"ன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. டெட்லைன் பெரும்பாலும் டிசம்பர், ரைட்டிங் சாம்பிள்னு, அதாவது நீங்க எப்படி ஆய்வு பண்ணி எழுதுவீங்கன்னு காட்டுற கட்டுரையா, பல டிபார்ட்மெண்ட் கேக்குறது டபுள் ஸ்பேஸ்ல 15லிருந்து 25 பக்கம், தீசிஸோ 90 பக்கம்.

நான் அடிச்ச கூத்தைக் கேளுங்க. முதல் 20 பக்கத்தை வெட்டி பிடிஎஃப் ஆக்கி அனுப்பிட்டேன், அதுல இருந்தது பூரா லிட்ரேச்சர் ரிவியூ, எவர் என்ன சொன்னாருன்னு. எழும்பூர் ஆவணக் காப்பகத்துல மூணு மாசம் தூசி தின்னு எடுத்த மனுக்கள் 34ஆம் பக்கத்துலதான் தலைகாட்டுது, அதை யாரு பாத்தா? எல்லா இடத்துலயும் ரிஜெக்ட். அடுத்த வருஷம் ஒரு மனுவைத் தூக்கி முதல் பாராவுலயே வச்சேன், தண்ணிக் குழாய் கேக்குற மனுவுல எதுக்கு வரி கட்டின கணக்கை இவ்ளோ விலாவாரியா எழுதியிருக்காங்கன்னு கேள்வியோட ஆரம்பிச்சேன். பக்கம் அதே 20தான். உங்க வாதம் என்னன்னு ரெண்டாம் பக்கத்துக்குள்ள தெரியலன்னா அந்த சாம்பிள் வேஸ்ட்.

வெட்டி ஒட்டும்போது "முந்தைய அத்தியாயத்தில் பார்த்தபடி"ன்னு வர்ற வரியெல்லாம் தேடித் தூக்குங்க, அந்த அத்தியாயம் அவங்க கையில இல்லல்ல. இது எதுலருந்து எடுத்ததுன்னு மேல நாலு வரி நோட் போட்டா போதும்.

கைடோட சேர்ந்து எழுதின பேப்பர் வேணாம், அதுல உங்க மூளை எவ்ளோன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? காசு கட்டி ஜர்னல்ல போட்டதையும் பெருமையா அனுப்பாதீங்க. எஸ்ஓபில (என்ன ஆராய்ச்சி பண்ணப் போறேன், ஏன்னு எழுதுற ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்பஸ்) தொழிலாளர் வரலாறுன்னு உருகிட்டு, மார்க் அதிகம் வந்துச்சேன்னு ஷேக்ஸ்பியர் பேப்பரை வைக்கிறதும் இதே கதைதான்.

தமிழ் ஆதாரத்தை வச்சு எழுதியிருந்தா அதை மறைக்காதீங்க ப்ளீஸ், நிறைய பேர் கூச்சப்பட்டு இங்கிலீஷ் புக்கை மட்டும் காட்டுறாங்க. மொழிபெயர்ப்பு என்னுதுன்னு ஃபுட்நோட்ல ஒரு வரி போடுங்க, ஒரிஜினலைப் படிக்கத் தெரிஞ்ச ஆளுன்னு அதுலயே புரிஞ்சிடும்.

கடைசியில போடுற பிப்ளியோகிராஃபி, அதாவது நூல் பட்டியல், பக்கக் கணக்குல வருமான்னு இடத்துக்கு இடம் மாறும், டிபார்ட்மெண்ட் சைட்ல இல்லன்னா மெயில் போட்டு கேட்டுடுங்க, ஃபாண்ட்டைச் சுருக்கி அடைக்காதீங்க. அப்புறம் அப்லோட் பண்றதுக்கு முன்னாடி பிடிஎஃப்பை ஒருக்கா திறந்து பாருங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஃபைல்ல கைடு போட்ட "இது புரியலை" கமெண்ட் ஓரத்துல அப்படியே போயிருக்கு.