ரியோக்கானில் காலைச் சாப்பாடு: முதல் தடவை போகிறவர்களுக்கு

ரியோக்கான் என்றால் ஜப்பானின் பழைய பாணி விடுதி. காலையில் உங்கள் முன்னால் பத்துப் பன்னிரண்டு குட்டிக் கிண்ணங்கள் வந்து உட்காரும், எதில் கை வைப்பதென்றே தெரியாது. குழம்ப வேண்டாம், சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள.

முதல் வேலை, முன்பதிவிலேயே. நீங்கள் சைவமென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் டோஃபு (சோயா பால்கட்டி) மட்டும் மிதக்கிற மிசோ சூப்பில்கூட (புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்தது) அடிப்படை தாஷிதான், அது பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ என்ற சூரை மீனைச் சீவி எடுத்த சாறு. விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள், மீன் ஆறிவிடும்.

விடுதியில் தருகிற யுகாட்டா என்ற மெல்லிய பருத்தி அங்கியிலேயே சாப்பிடப் போகலாம், அநேக இடங்களில் தப்பில்லை. இடது பக்கத் துணி மேலே வரவேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு.

மேசையில் சின்ன அடுப்பு இருந்தால் பணியாளரே பற்றவைப்பார். ஊதி அணைக்காதீர்கள், எரிபொருள் தீர்ந்து தானாக அணையும்போது உள்ளே இருப்பது வெந்திருக்கும்.

சரி, கை கூப்பி சாப்பிடும்முன் சொல்லும் நன்றியான "இதடாகிமாஸ்" சொல்லிவிட்டு மிசோ கிண்ணத்தைக் கையில் தூக்கி ஒரு வாய் குடியுங்கள், கரண்டி தேட வேண்டாம். அப்புறம் மீன். அதாமி, நுமாசு என்ற கடற்கரை ஊர்கள் பக்கம் என்றால் வயிற்றைப் பிளந்து உப்புப் போட்டுக் காயவைத்த அஜி மீனைச் (ஒரு வகைப் பாரை) சுட்டுத் தருவார்கள், என்னைக் கேட்டால் அதற்காகவே அங்கே தங்கலாம். முள்ளைச் சாப்பிடும் குச்சியால் நெம்பி எடுத்துவிட்டு மீன் கொஞ்சம், சோறு ஒரு வாய், ஊறுகாய் ஒரு துண்டு, மறுபடி சூப் என்று சுற்றிச் சுற்றி வரவேண்டும், ஒரு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசியில் வெறும் சோறுதான் மிஞ்சும்.

உமேபோஷியை, அதாவது உப்பில் ஊறிய புளிப்பு உமே பழத்தை, நான் முதல் நாள் முழுசாக வாயில் போட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டேன். உள்ளே கொட்டை வேறு. கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுங்கள், ஒரு பழம் ஒரு கிண்ணச் சோற்றுக்குத் தாங்கும்.

நாட்டோவை, அதாவது புளிக்கவைத்த பிசுபிசுப்பான சோயா பீன்ஸை, முதலில் வெறுமனே கிண்டுங்கள், நூல் நூலாக வெளுத்து வந்ததும் சோயா சாஸும் கடுகு விழுதும் சேர்த்துச் சோற்றின்மேல் போடுங்கள். வாடை பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். குச்சியைச் சோற்றில் நட்டுவைப்பதுதான் ஆகாது, அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

சோறு தீர்ந்தால் பக்கத்தில் மர வாளி இருக்கும், நீங்களே போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கிண்ணத்தை நீட்டி "ஒகவாரி" (இன்னொரு தடவை) என்றால் போதும்.