பிரசவ வகுப்புக்கு ஜோடியாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு தம்பி, பாயில் மனைவிக்குப் பின்னால் மண்டியிட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அவள் இடுப்புக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தார். இடம் சரி, அழுத்தம் சரி. அவள் மூச்சை விடும்போது அழுத்தம் கூடி, இழுக்கும்போது கை தளர்ந்தது. 6 வாரத்தில் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. முடிந்ததும், "டெலிவரி எங்கே?" என்று கேட்டேன். "வளைகாப்பு முடிஞ்சதும் அவ அம்மா வீட்டுக்குப் போயிடுவா மேடம், புதுக்கோட்டை" என்றார்.

எனக்குத் திக்கென்றது. 14 வருடத்துக்கு முன் நானும் என் கணவரும் இதையேதான் செய்தோம்.

சென்னையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கும் கணவர்களுக்கும் வகுப்பு எடுக்கத் தொடங்கி 10 வருடம் ஆகிறது. லேட்டாக வருவது, நடுவில் போன் பார்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றால் பெரிய நஷ்டம் வந்து நான் பார்த்ததில்லை.

உடன் நிற்கப்போகிறவரை விட்டுவிட்டு வகுப்புக்கு வருவது

தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கை நிறைய வளையல் அடுக்கி அனுப்பிவைப்பார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு அம்மா கைப் பத்தியச் சாப்பாடு மாதிரி வராது. ஆனால் வகுப்பு சென்னையில் நடக்கிறது, பயிற்சி எடுத்த கணவர் சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், வலி மட்டும் 400, 600 கிலோமீட்டர் தள்ளி வருகிறது.

எனக்கு 38வது வாரத்தில், திருநெல்வேலியில் சாயங்காலம் 5 மணிக்கு வலி வந்தது. அவருக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்கவில்லை, கோயம்பேட்டில் பஸ் பிடித்தார். பிள்ளை பிறந்தது விடிகாலை நாலரைக்கு. அவர் வந்து சேர்ந்தது எட்டரைக்கு. சரி, சீக்கிரமே வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அங்கே ஒரே ஹாலில் 4 கட்டில், நடுவில் துணித் திரை. ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். வராந்தாவில்தான் நின்றிருப்பார். இதை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

உள்ளே என்னோடு இருந்தது அம்மா. வலி வரும்போதெல்லாம் "மூச்சைப் புடிச்சு முக்கும்மா" என்றாள். கர்ப்பவாய் அப்போது 6 சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. முழுசாக 10 திறக்கும் முன் முக்கினால் உடம்பு ஓய்ந்துபோகுமே தவிரப் பலன் இல்லை. வகுப்பில் பழகியபடி வாயால் மெல்ல ஊதி மூச்சை விட்டால், "என்ன இப்படி ஊதுற, மூச்சு முட்டுதா?" என்று பதறி சிஸ்டரைக் கூப்பிட ஓடினாள். முதுகில் தைலத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு வேண்டியிருந்ததோ அதற்கு 2 அங்குலம் கீழே, முழு பலத்தோடு ஓர் அழுத்தம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் நிஜமாகவே முக்க வேண்டிய நேரம் வந்தபோது என்னிடம் தெம்பு இல்லை.

அம்மா மேல் தப்பே இல்லை. அவள் காலத்தில் அவளுக்குச் சொன்னதை எனக்குச் சொன்னாள். 6 வாரம் படித்த நான் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கி அவளுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது, முக்கியமாக வகுப்பு நடத்துகிற எங்கள் மேல். கணவரைக் கூட்டிவாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். லேபர் வார்டில் யார் நிற்கப்போகிறார் என்று முதல் நாளே கேட்கிறவர்கள் குறைவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடனிருக்கும் ஏற்பாடு 2004 முதலே உண்டு. 2016ல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதலும், பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணைத்தான் முதலில் சொல்கிறது. மறைவான வசதி இருக்கும் இடத்தில் கணவரையும் அனுமதிக்கலாம் என்கிறது. கர்ப்பிணி யாரை விரும்புகிறாளோ அவரே துணையாக இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் பரிந்துரைத்தது. ஆனால் உங்கள் மருத்துவமனையின் கதவில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு உங்களுக்குக் கணக்கு.

ஆகவே ஏழாம் மாதத்திலேயே, பிள்ளை பிறக்கப்போகும் மருத்துவமனைக்கே பேசுங்கள். ரிசப்ஷனில் நிறுத்திக்கொள்ளாமல் லேபர் வார்டு சிஸ்டரைக் கேளுங்கள். யாரை உள்ளே விடுவீர்கள், தனி அறையா ஹாலா, நடுவில் ஆள் மாறலாமா, ராத்திரி ஷிப்டிலும் இதே விதிதானா? அம்மாதான் என்று தெரிந்துவிட்டால் அம்மாவுக்குப் பயிற்சி கொடுங்கள். அத்தையோ அக்காவோ என்றாலும் அப்படியே. சென்னைக்கு வர முடியாதவர்களை நான் வீடியோ காலில் சேர்த்துக்கொள்கிறேன். புதுக்கோட்டை அம்மாவும் இந்த வாரம் வந்தார். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, தலையணை மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக் காட்டினார். "இன்னும் கீழம்மா, அங்கதான்" என்று சென்னையிலிருந்து மகள் சொன்னாள்.

ஊதி விடும் மூச்சை வகுப்போடு விட்டுவிடுவது

வகுப்பில் நன்றாக வரும் மூச்சு, வலியில் வராது. தினமும் 10 நிமிடம் பழகியிருந்தால் வரும். ஒரு ஐஸ் கட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் மெல்ல மூச்சு விட்டுப் பாருங்கள். 20 வினாடியில் விரல் எரியும், தண்ணீர் முழங்கை வழியே சொட்டும், அந்த இடத்தில் மூச்சு தானாகவே நின்றுபோகும். அங்கேதான் பக்கத்தில் இருப்பவர் "விடு, மெதுவா விடு" என்று சொல்லிப் பழக வேண்டும்.

வலியைத் தப்பாக எண்ணுவது

ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும்வரை எண்ண வேண்டும். பாதிப் பேர் வலி நின்றதிலிருந்து எண்ணுகிறார்கள். தலைச்சன் என்றால், 5 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது பொதுக் கணக்கு. வீடு தூரம் என்றால், அல்லது டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால், அதற்கு முன்பே கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ அசைவு குறைந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அதுபோலவே, 37 வாரம் முடியும் முன் விட்டுவிட்டு ஒழுங்காக வலி வந்தால், சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கக் கூடாது.

வலியின் உச்சத்தில் கேள்வி கேட்பது

கேட்காதீர்கள். வலி இறங்கட்டும்.

சிசேரியன் வகுப்புக்கு மட்டம் போடுவது

"எங்களுக்கு நார்மல்தான் மேடம்" என்பார்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். வந்து உட்காருங்கள்.

வெளியே நிற்கிறவருக்கு வேலை இல்லை என்று நினைப்பது

உள்ளே விடவில்லை என்றால் கற்றதெல்லாம் வீண் என்று கணவர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். வராந்தாவில்தான் அவருக்குப் பெரிய வேலை இருக்கிறது. பிள்ளைக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்க வேண்டும். தெற்கத்திப் பக்கம் அதற்கு முன்னால் யாராவது பெரியவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு சேனை வைக்கக் காத்திருப்பார். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்து, பொட்டுலிசம் என்ற விஷநோய் வரலாம். 6 மாதத்துக்குத் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். இதைப் பிரசவ நாளில் போய் வாதாடி ஜெயிக்க முடியாது, முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

என்னிடம் படித்த ஒருவர் வளைகாப்பு அன்றைக்கே தன் பாட்டியிடம் போய் உட்கார்ந்தார். "சேனை வேண்டாம் பாட்டி, டாக்டர் கூடாதுங்கிறாங்க. ஆறு மாசம் கழிச்சு முதல் சோறு நீங்கதான் ஊட்டணும்" என்றார். பாட்டி சம்மதித்தார். ஊட்டியும் விட்டார். அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தார்கள்.