லடாக்குக்குப் பயண வண்டி கட்டுவோர் செய்யும் தவறுகள்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் பிக்கப் ஒன்றை வாங்கி, அதன் மேல் படுக்கையும் அடுப்படியும் கொண்ட ஒரு பெட்டியைக் கட்டி, லடாக்குக்கோ இமாச்சலத்தின் ஸ்பிதிக்கோ போய்வர வேண்டும் என்ற ஆசை தமிழ்நாட்டிலும் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசை. அதை நிறைவேற்றித் தரும் கைகளும் இங்கே உண்டு. லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளின் திறமை நாடறிந்தது. ஆனாலும் இந்த வண்டிகளில் ஒரே வகைக் கோளாறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலையைத் தலைகீழாகத் தொடங்குவதே காரணம். கட்டில் எங்கே, அலமாரி எங்கே என்று முதலில் வரைந்துவிட்டு, அதையெல்லாம் சுமக்கப்போகும் சேஸிஸைப் பற்றி, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பற்றிக் கடைசியில் கேட்கிறார்கள்.

எடைக் கணக்கு எழுதாமல் தொடங்குவது

வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து அதன் வெற்று எடையைக் கழித்தால் வரும் மீதிதான் உங்கள் கையிருப்பு. பெட்டி, தண்ணீர், அரிசி, போர்வை, கருவிகள், வண்டியில் ஏறும் மனிதர்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்புகளில் இந்த மீதி பலர் நினைப்பதைவிடக் குறைவு.

அது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். நம் தச்சர்கள் பழக்கத்தால் 18 மி.மீ. பிளைவுட்டை எடுப்பார்கள். எட்டுக்கு நான்கு அடி பலகை ஒன்று ஏறத்தாழ 35 கிலோ. தரை, கட்டில், அலமாரி என்று பத்துப் பலகை போனால் 350 கிலோ ஆகிவிட்டது. கூண்டுக்கு இரண்டு மி.மீ. தடிப்பில் 40க்கு 40 இரும்புச் சதுரக் குழாய் போட்டால் மீட்டருக்கு 2.4 கிலோ, 60 மீட்டர் குழாய் 140 கிலோவைத் தாண்டும். தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. இத்தனைக்கும் மெத்தையும் பேட்டரியும் இன்னும் ஏறவில்லை.

வீட்டு அலமாரி ஐம்பது ஆண்டு நிற்க வேண்டும் என்று செய்வதுபோல் இங்கே செய்யத் தேவையில்லை. மெல்லிய பலகையை ஓரங்களில் வலுவாகப் பிணைத்தால் போதும். கதவுக்குப் பதிலாகத் துணித் திரையோ வலையோ பல இடங்களில் போதும். ஒவ்வொரு பொருளையும் பொருத்தும் முன் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். வெற்று வண்டியை ஒரு முறை, பெட்டி ஏறியதும் ஒரு முறை, தண்ணீரும் டீசலும் ஆட்களும் நிறைந்த பிறகு ஒரு முறை என எடைமேடையில் ஏற்றுங்கள். முன் சக்கரங்களை மட்டும், பின் சக்கரங்களை மட்டும் தனித்தனியாக நிறுத்துத் தரச் சொல்லிக் கேட்பது முக்கியம். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் (பின் சக்கரங்களின் அச்சு) மட்டும் வரம்பை மீறியிருக்கக்கூடும்.

பின்புறம் அமுங்குகிறது என்றால் உடனே சொல்லப்படும் தீர்வு, இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போடுவது. பட்டை வண்டியின் உயரத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். பிரேக், பேரிங், ஆக்சில், டயர் எல்லாம் பழையவைதான். லடாக்கின் கர்துங் லா கணவாயிலிருந்து இறங்கும்போது பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியது பிரேக்.

பாரத்தை வாலில் தொங்கவிடுவது

ஸ்டெப்னி, டீசல் கேன்கள், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் பின்கதவில் மாட்டுவது பார்க்க அழகாக இருக்கும். இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 3 மீட்டர் என்று வையுங்கள். பின் ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால், பின் ஆக்சிலில் ஏறும் சுமை 100 அல்ல, 150 கிலோ. அந்தக் கூடுதல் 50 கிலோ முன் ஆக்சிலிலிருந்து போகிறது. முன் சக்கரம் லேசானால் மணலிலும் சேற்றிலும் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. குண்டும் குழியுமான சாலையில் அந்த நூறு கிலோ ஒவ்வொரு குதிப்பிலும் பல மடங்காக இடிக்கும். கேபினுக்கும் பின்தட்டுக்கும் நடுவே சேஸிஸ் வளைந்துபோன பிக்கப்புகள் இப்படித்தான் உருவாகின்றன.

பின் ஆக்சிலுக்கு அப்பால் நீளும் பகுதி இரு ஆக்சில்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. கரடுமுரடான பாதைக்கு அதுவே அதிகம். ஓடையில் இறங்கி ஏறும்போது வால்தான் முதலில் தரையில் மோதும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் பின் ஆக்சிலுக்கு முன்னால், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக இருக்கட்டும். தண்ணீர் உள்ளே அலைமோதாமல் இருக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வேண்டும். கூரையில் சோலார் பலகை தவிர வேறெதையும் நான் ஏற்றமாட்டேன்.

முறுக்கும் சேஸிஸில் முறுக்காத பெட்டியை இறுக்குவது

செலவு அதிகம் வைக்கும் தவறு இதுதான். கண்ணுக்குத் தெரியாததால் பலர் இதை நம்புவதுமில்லை.

லாரி, பிக்கப் சேஸிஸ் விறைப்பாக இருக்க வேண்டும் என்று செய்யப்பட்டதல்ல. ஒரு முன் சக்கரம் பாறை மேல் ஏறி, எதிர் மூலையின் பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, நீளச் சட்டங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக முறுக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும். அதன் மேல் ஏறும் பெட்டியோ ஆறு பக்கமும் மூடியது, கொஞ்சமும் முறுக்காது. இரண்டையும் நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கினால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். முதலில் கதவு சிக்கும். அடுத்து ஜன்னல் மூலையில் கீறல் விழும், கூரை மூட்டில் தண்ணீர் கசியும். கடைசியில் பிடிமானத்தின் வெல்டிங்கோ சேஸிஸோ பிளக்கும்.

தீர்வுகள் பழையவை, நிரூபிக்கப்பட்டவை. ஜெர்மனியில் கரடுமுரடான பாதைக்கான யூனிமாக் என்ற பழைய ராணுவ லாரிகளில் பெட்டி கட்டுவோர், சேஸிஸுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு துணைச் சட்டம் வைத்து, அதை மூன்று இடங்களில் மட்டும் பிடிப்பார்கள்: ஒரு முனையில் இரண்டு, மறுமுனையில் நடுவே சுழலக்கூடிய ஒன்று. சாய்சதுரமாக நான்கு புள்ளிகளில் பிடிக்கும் முறையும் உண்டு. இவற்றில் முழுப் பாரமும் சில புள்ளிகளிலேயே இறங்குவதால், மெல்லிய சேஸிஸில் அந்த இடங்கள் நசுங்கலாம். இலகுவான வண்டிக்கு எனக்குப் பிடித்தது ஸ்பிரிங் முறை. துணைச் சட்டம் சேஸிஸ் மேல் நீளவாக்கில் முழுதாகப் படிந்திருக்கும். பின்புறம் இறுக்கமான போல்ட், முன்புறம் ஸ்பிரிங் கோத்த போல்ட். முறுக்கு வரும்போது முன்புறம் சற்றே தூக்கிக்கொடுத்துத் திரும்ப அமரும். டேங்கர் லாரி கட்டிய கைகளுக்கு இது புதிய விஷயமே அல்ல. கேட்டால் செய்து தருவார்கள்.

சேஸிஸில் வெல்டிங் வைக்கவோ, சட்டத்தின் மேல், கீழ் விளிம்பில் துளை போடவோ விடாதீர்கள். பாடி கட்டுவோருக்கென்று வண்டி நிறுவனங்கள் கையேடு வைத்திருக்கின்றன. எங்கே துளைக்கலாம் என்பது அதில் இருக்கும். கேபினிலிருந்து பெட்டிக்குள் நுழையும் வழி வேண்டுமென்றால், நடுவே மடிப்பு ரப்பர் வைத்தே இணைக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு திசையில் ஆடும்.

குளிரைச் சுவரின் தடிப்பால் மட்டும் வெல்ல நினைப்பது

இரும்புக் கூண்டு கட்டி, இடையிடையே தெர்மாகோல் செருகி, இருபுறமும் தகடு அடித்தால் குளிர் நிற்கும் என்று நினைக்கிறார்கள். குளிர் தெர்மாகோலைத் தொடவே தொடாது. இரும்புக் குழாய் வழியாக உள்ளே வரும். விடிந்து பார்த்தால் ஒவ்வொரு குழாயின் மேலும் கோடு கோடாக நீர் வியர்த்திருக்கும். ஐஸ்கிரீமும் மீனும் ஏற்றும் குளிர்பதன வண்டிகளுக்குப் பாடி கட்டுபவர்களிடம் போங்கள். ஃபைபர் தோலும் நடுவே நுரையும் கொண்ட அவர்களது பலகையில் உலோகம் உள்ளிருந்து வெளிவரை ஓடாது. எடையும் குறைவு.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். இருவர் தூங்கினால் ஓர் இரவில் அரை லிட்டருக்கு மேல் மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் அதிகமாக நீராவி உண்டாகும். குளிருக்குப் பயந்து காற்றுவழியை அடைப்பது இரட்டைத் தவறு: சுவர் நனையும், கார்பன் மோனாக்சைடும் தேங்கும். கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு திறப்புகளும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். அடுப்பை ஹீட்டராகப் பயன்படுத்தவே கூடாது.

உயரத்துக்கும் குளிருக்கும் ஏற்ற பொருள்களைத் தேர்ந்தெடுக்காததில் பணம் வீணாகிறது. டீசல் ஹீட்டர் வாங்கினால், உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைக்கும் வகையா என்று கேளுங்கள். இல்லையென்றால் மெல்லிய காற்றில் கரி பிடித்து நின்றுவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அருமையானது, ஆனால் பூச்சியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். அது பெட்டிக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்களும் அப்படியே. சமையல் கேஸில் உள்ள பியூட்டேன் பூச்சியத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், அதனால் உறைபனியில் அடுப்பு சோர்ந்து எரியும். குளிர்காலத்தில் போவதானால் சமவெளி டீசலை நம்பாதீர்கள், உறைந்து கெட்டியாகும். லடாக் போன்ற உயர்மலைப் பகுதிகளுக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. கடல்மட்டத்திலிருந்து 4,500 மீட்டரில் உள்ள லடாக்கின் ஹன்லே கிராமத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் சோறு வேகாது, ஆகவே அலமாரியில் முதலில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

சட்ட விதிகளைக் கடைசிக்குத் தள்ளுவது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. வாழும் வசதி கொண்ட வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலை இருக்கிறது. முதல் குழாயை வெட்டும் முன்பே, வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போய், பதிலை எழுத்தில் வாங்குங்கள். விபத்து நடந்த பிறகு காப்பீடு கையை விரித்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. உயரத்தையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஸ்பிதிக்குப் போகும் வழியிலுள்ள கின்னௌரில் பாறையைக் குடைந்து போட்ட சாலையில் மலையே தலைக்கு மேல் நீண்டிருக்கும்.

கட்டி முடித்த கையோடு மணாலிக்குக் கிளம்பாதீர்கள். முழுப் பாரத்தோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கி, மலைக்கிராமத்து மண்பாதைகளிலும் ஓட்டிப் பாருங்கள். திரும்பியதும், யு வடிவப் பிடிப்பு போல்ட் ஒவ்வொன்றையும் மறுபடி முறுக்க வேண்டும். பிடிமானங்களுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தால், கீறல் எங்கே தொடங்குகிறது என்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.