சொந்தமா கத்தி, உளி, ஸ்கிரேப்பர் பண்ண எந்த சாஃப்ட்வேர், வெட்ட எங்க குடுக்கிறது?

பெரும்பாலும் எல்லாரும் முதல்ல ஒரு சாஃப்ட்வேர இறக்கி மாசக்கணக்கா கத்துக்கிட்டு, அப்புறமா எங்க வெட்டக் குடுக்கலாம்னு தேடுறாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஆனா அது தலைகீழ்ங்க. முதல்ல என்ன ஸ்டீல், எவ்ளோ தடிமன்னு முடிவு பண்ணுங்க. ஸ்டீல் முடிவாச்சுன்னா அத எந்த முறையில வெட்டணும்னு தெரிஞ்சிடும், முறை தெரிஞ்சா எந்த சர்வீஸ்னு தெரியும், அவங்க கேக்குற ஃபைல ஒழுங்கா குடுக்கிற சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் போதும்.

மைல்ட் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ்ல ஜிக் (வேலைய பிடிச்சு வழிகாட்டுற அமைப்பு), பிராக்கெட், டெம்ப்ளேட் பண்றீங்கன்னா யோசிக்கவே வேணாம், ஃபைபர் லேசர். வெட்டுற கோட்டோட அகலத்த கெர்ஃப்னு சொல்வாங்க, லேசர்ல அது சுமாரா 0.1ல இருந்து 0.3 மில்லிமீட்டர்தான், அதனால சின்ன வேலைப்பாடெல்லாம் நல்லா வரும்.

ஆனா கூர்மை நிக்கணும்னு ஓ1, டி2, 1095 மாதிரி கார்பன் அதிகமா உள்ள ஸ்டீல் எடுத்தா கதையே வேற. லேசர் போற இடத்துல ஸ்டீல் உருகுது, பக்கத்துல இருக்கிற குளிர்ந்த தகடு அந்த சூட்ட சட்டுனு இழுத்துக்குது, அதனால ஓரம் மட்டும் தானாவே ஹார்டன் ஆகிடுது, அதாவது ரொம்ப கடினமாகிடுது. ஒரு தடவ மார்க்கிங் கத்திக்கு பிளேடு லேசர்ல வெட்டி வாங்கினேன், கைப்பிடி ரிவெட் ஓட்டைய மட்டும் கொஞ்சம் பெருசாக்கலாம்னு டிரில் போட்டா பிட்டு முனை நீலமாகி மழுங்கிடுச்சு, அரம் வச்சா கண்ணாடி மேல வழுக்குற மாதிரி வழுக்குது. இந்த மாதிரி ஸ்டீல லேசர்ல குடுத்தே ஆகணும்னா ஓரத்துல கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் கூடுதலா வரைஞ்சு அத கிரைண்ட் பண்ணி எடுத்துடுங்க, ஓட்டைய கடைசியா வேண்டிய அளவுலயே வெட்டச் சொல்லுங்க.

இல்லன்னா வாட்டர்ஜெட். கார்னெட் தூள் கலந்த தண்ணிய பயங்கர அழுத்தத்துல பீச்சி வெட்டுறது, சூடே ஏறாது, ஏற்கனவே ஹார்டன் பண்ண ஸ்டீலையும் வெட்டலாம். கெர்ஃப் சுமாரா 1 மில்லிமீட்டர் வரும், ஓரம் கொஞ்சம் சாய்வா இருக்கலாம், லேசர விட மெதுவா வெட்டுறதால செலவும் கூடும். ஆனாலும் வெட்டுற கருவிக்குன்னா நான் இதத்தான் சொல்வேன்.

பிளாஸ்மா, அதாவது மின்சாரத்தால பயங்கரமா சூடாக்கின வாயுவ பீச்சி உருக்கி வெட்டுறது, தடிச்ச தகட்டுக்கு நல்லது, மண்வெட்டி மாதிரி ஐட்டத்துக்கு தாராளமா போதும், சின்ன ஓட்டை மட்டும் வட்டமா வராது, அதுக்கு சென்டர் மார்க் மட்டும் போடச் சொல்லிட்டு நீங்களே டிரில் பண்ணிக்கோங்க. பஞ்ச், டை மாதிரி ரொம்ப துல்லியமா வேணும்னா ஒயர் ஈடிஎம், அதாவது மெல்லிசான கம்பில மின்பொறி விட்டு ஸ்டீல அரிச்சு வெட்டுறது, பொதுவா 0.25 மில்லிமீட்டர் கம்பில வெட்டுவாங்க, நிதானமாத்தான் நடக்கும்.

சர்வீஸ்கிட்ட விலைய கேக்குறதுக்கு முன்னாடி வேற நாலு விஷயம் கேளுங்க. நம்ம ஸ்டீல கொண்டு போனா வெட்டுவாங்களா, அந்த தடிமனுக்கு டாலரன்ஸ் (அளவு எவ்ளோ கூடக் குறைய வரலாம்னு) எவ்ளோ, எவ்ளோ சின்ன ஓட்டை வரைக்கும் போடுவாங்க (லேசர்ல தகட்டு தடிமன விட சின்ன ஓட்டை வைக்காம இருந்தா பிரச்சனை வராது), பிசிறு எடுத்துக் குடுப்பாங்களா. இதுக்கெல்லாம் நேரா பதில் சொல்லாம "ஃபைல அனுப்புங்க பாத்துக்கலாம்"னு சொல்ற இடத்துக்கு நான் போக மாட்டேன். அப்புறம் கெர்ஃபுக்கு அட்ஜஸ்ட் பண்றது யாருன்னு கண்டிப்பா கேளுங்க, பெரும்பாலும் அவங்க மெஷின்லயே பண்ணிடுவாங்க, நீங்களும் டிராயிங்ல கழிச்சு வச்சிருந்தா ரெண்டு தடவ கழிஞ்சு அளவு தப்பிடும்.

இப்ப சாஃப்ட்வேர். தட்டையான டூலுக்கு 3டி தேவையே இல்ல. லிப்ரேகேட் இலவசம், நேரா டிஎக்ஸ்எஃப்ங்கிற டிராயிங் ஃபைலா சேவ் ஆகும், கோடும் வட்டமும் சுத்தமா இருக்கும். கைப்பிடி வளைவ கையால வரைஞ்ச மாதிரி வேணும்னா இங்க்ஸ்கேப் சுகம், ஆனா அளவுல உஷாரா இருங்க: 0.92 வெர்ஷனுக்கு முன்னாடி அது ஒரு இன்ச்சுக்கு 90 பிக்சல்னு கணக்கு வச்சிருந்துச்சு, அப்புறம் 96 ஆச்சு, பழைய ஃபைல திறந்தா அளவு மாறிப் போக வாய்ப்பிருக்கு. தடிமனையோ நீளத்தையோ அடிக்கடி மாத்திப் பாக்குற ஆளுன்னா ஃப்ரீகேட் கத்துக்கோங்க, ஒரு நம்பர மாத்தினா அதோட சேந்ததெல்லாம் தானா மாறும், 2024ல 1.0 வந்துச்சு. 3டி சாஃப்ட்வேர்தான் வேணும்னா, ஃப்யூஷன் பர்சனல் லைசென்ஸ் இலவசம்தான், ஆனா எடிட் பண்ற நிலையில 10 ஃபைலுக்கு மேல வச்சுக்க முடியாது. ஆன்ஷேப் இலவச கணக்குல நீங்க வரையுறது எல்லாருக்கும் தெரியும், சொந்த டிசைன விக்கிற எண்ணம் இருந்தா அது வேணாம்.

எந்த சாஃப்ட்வேர்ல வரைஞ்சாலும் அனுப்புறதுக்கு முன்னாடி ஃபைல சுத்தம் பண்ணணும், பாதி ஆர்டர் திரும்பி வர்றது இங்கதான்னு எனக்கு தோணுது. எல்லா கோடும் மூடின வடிவமா இருக்கணும், ஒரே கோடு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு தடவ இருந்தா அதே இடத்துல ரெண்டு தடவ வெட்டும். யூனிட் மில்லிமீட்டரா இன்ச்சான்னு மெயில்லயும் எழுதிடுங்க, மாறிப் போனா 25.4 மடங்கு வித்தியாசம். பேர் வெட்டணும்னா எழுத்த வெறும் கோட்டு வடிவமா (path) மாத்துங்க, அவங்க கம்ப்யூட்டர்ல நம்ம ஃபான்ட் இருக்காது. அதுலயும் க, ண, இ மாதிரி சுழி உள்ள எழுத்துல நடுவுல இருக்கிற துண்டு கழண்டு விழுந்துடும், சின்னதா ஒரு பாலம் விட்டு வரையுங்க. உள் மூலைய கூர்மையா விடாதீங்க, 1 இல்ல 2 மில்லிமீட்டர் ரேடியஸ் குடுங்க, ஹார்டன் பண்ண எண்ணெயில முக்கும்போது விரிசல் அங்கருந்துதான் கிளம்பும்.

கடைசியா பேப்பர்ல நிஜ அளவுல பிரின்ட் எடுங்க, பேஜுக்கு பொருத்துற ஆப்ஷன ஆஃப் பண்ணிட்டு. டிராயிங் பக்கத்துல 100 மில்லிமீட்டர் கோடு ஒண்ணு போட்டு வச்சு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, சரியா இருந்தா அட்டையில ஒட்டி வெட்டி கையில பிடிச்சுப் பாருங்க. கைப்பிடி சின்னதா இருக்கு, விரல் இடிக்குதுன்னெல்லாம் ஸ்க்ரீன்ல தெரியவே தெரியாது. நான் அட்டைக்கு அப்புறம் ஒரே ஒரு பீஸ் மைல்ட் ஸ்டீல்ல வெட்டி வாங்கி ரெண்டு நாள் புழங்கிப் பாப்பேன், அது கைக்கு ஒத்து வந்தா மட்டும்தான் ஓ1ல ஆர்டர் போடுவேன்.