பழைய வீட்டை இடிக்காமல் பிரிப்பது எப்படி

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிப்பது என் வேலை. ஜேசிபியைக் கூப்பிடும் முன் சில நாள் பொறுங்கள் என்றுதான் வீட்டுக்காரர்களிடம் முதலில் கேட்பேன். பொருள்களை மறுபடி பயன்படுத்த, கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் பிரிக்க வேண்டும்: ஓடு, ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டம்), கைமரம் (ரீப்பரைத் தாங்கும் சாய்வு மரம்), கதவு, நிலை (கதவின் சட்டம்), கடைசியில் சுவர்.

செங்கல்லுக்குத்தான் அதிகக் கவனம் தேவை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்றால், தட்டினாலே சாந்து உதிர்ந்து கல் முழுசாக வரும். சிமெண்ட் கலவை இறுகப் பிடித்திருக்கும். பிரிக்கும்போது நிறைய உடையும். அந்தத் துண்டுகளைத் தரைக்கு அடியில் நிரப்பலாம். முழுசாக வந்த கல் மறுபடி கட்ட ஆகுமா என்று சோதியுங்கள்: இரண்டு கல்லை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அப்புறம், காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் சுவருக்கு ஆகாது. உப்புப் பூத்த கல்லையும் ஒதுக்கிவிடுங்கள். கட்டும் முன் நல்ல கல்லை நனைக்க மறக்காதீர்கள்.

பர்மா தேக்கு இருந்தால் தயவுசெய்து விற்காதீர்கள். அந்தத் தரத்தில் இன்று மரம் கிடைப்பது அபூர்வம். தட்டும்போது பொள்ளலாக ஒலிக்கிற இடத்தில் கரையான் அரித்திருக்கலாம். அந்தப் பகுதியை மட்டும் அறுத்துவிட்டு மீதியை ஜன்னலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆணிகளை எல்லாம் பிடுங்கிய பிறகே ஆசாரியிடம் கொடுங்கள்.

துருப்பிடித்த கம்பியை நிமிர்த்தி பீமுக்குப் போடலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பழைய இரும்புக் கடைக்குத்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்குங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.